முடியைத் தின்றது புழு அல்ல

கலும்பாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தம் பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் அவருடைய பேச்சிலேயே தருகிறோம்.

"ஐயா, என் மகளுக்கு வயசு 13. ஆறு மாசத்துக்கு முன்னாடி தலையில ஐம்பது காசு அளவுக்கு முடி கொட்டி வழவழன்னு ஆயிடுச்சு. பாட்டி பார்த்துட்டு, இது புழுவெட்டு, முடியைப் புழு தின்னுதுன்னு சொல்லி, சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்ச்சாங்க. அப்புறம் பூண்டும் மிளகும் அரைச்சுத் தேய்ச்சாங்க, தோல் புண்ணாப் போச்சு. ஒரு ஆள் கொண்டாந்த எண்ணெய், புட்டி 150 வெள்ளின்னு மூணு புட்டி வாங்கினோம். இப்போ பாதித் தலை போயிடுச்சு, புருவமும் கொட்டுது. செய்வினைன்னு சிலர் பேசறாங்க. பக்கத்து வீட்டுல அவங்க பிள்ளைங்களை இவளோட விளையாட விடறதில்லை. புள்ள பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேங்குது. இது ஒட்டுமா? முடி திரும்ப வருமா?"

அந்தத் தாயாருக்கு முதலில் இரண்டே வரியில் பதில் சொல்லிவிடுகிறோம். அவர் எழுதியிருக்கும் அடையாளங்கள் புழுவெட்டு நோயின் அடையாளங்களாகத் தெரிகின்றன. அது அந்த நோய்தான் என்றால் ஒட்டாது. முடி திரும்ப வரவும் கூடும், ஏனென்றால் வேர் இன்னும் சாகவில்லை. ஆனால் டாக்டர் நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதற்கு இனியும் தாமதிக்கக் கூடாது. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறோம். முடி உதிர்வால் அவதிப்படும் மற்றத் தோழர்களும் தாய்மார்களும் இதைப் படித்துப் பயனடைய வேண்டும்.

முடி எப்படி வளர்கிறது?

நம் தலையில் ஏறக்குறைய 1 இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடிக்கும் தோலுக்கடியில் ஒரு சிறு பை உண்டு. அதை வேர்ப்பை என்று சொல்லலாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செண்டிமீட்டர் வீதம் 2 முதல் 6 வருஷம் வரை வளரும். பிறகு சில மாதம் ஓய்வெடுத்து உதிர்ந்துவிடும். அதே பையிலிருந்து புது முடி கிளம்பும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை சீப்பில் வருவது இயற்கைதான். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

பால் வெட்டிய பெரியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ரப்பர் மரம் வருஷத்தில் ஒரு பருவத்தில் இலையை மொத்தமாகக் கொட்டிவிட்டு, மறுபடி துளிர்க்கும். நம் முடி சாதாரணமாக அப்படி மொத்தமாகக் கொட்டுவதில்லை. ஒவ்வொன்றும் தன் தன் முறை வரும்போது உதிரும். ஆனால் உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால் முடியும் ரப்பர் மரம் போலவே நடந்துகொள்கிறது. டிங்கிக் காய்ச்சல், டைபாய்டு, கோவிட், பெரிய ஆபரேஷன், பிரசவம் ஆகியவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கைகையாகக் கொட்டும். காய்ச்சல் போய் வெகுநாள் ஆன பிறகு கொட்டுவதால் பலருக்குக் காரணம் புரிவதில்லை. தண்ணீரைக் குறை சொல்வார்கள், சவுக்காரத்தைக் குறை சொல்வார்கள். இப்படிக் கொட்டியது பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும்.

ஹார்மோன் செய்யும் வேலை

ஹார்மோன் என்பது உடம்பிலுள்ள சுரப்பிகள் இரத்தத்தில் கலந்து அனுப்பும் செய்தி. கிராணி எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு போல, அது போய்ச் சேரும் இடத்தில் வேலை நடக்கும். சீட்டு அதிகமானாலும் குறைந்தாலும் வேலை கெடும்.

ஆண்களின் வழுக்கைக்குக் காரணம் ஆண் ஹார்மோன். 1942-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஆராய்ச்சியாளர் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். வயதுக்கு வருமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவர்களுக்கே ஆண் ஹார்மோனைக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு வழுக்கை விழத் தொடங்கியது. ஆக, பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்தால்தான் வழுக்கை. வேர்ப்பை வருஷத்துக்கு வருஷம் சிறுத்து, முடி மெலிந்து பூனை மயிர் போலாகிவிடுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் மெதுவாக ஏறும். இது நோயல்ல, வட்டம் வட்டமாகத் திடீரென்று விழுவதும் இல்லை.

பெண்களின் நிலைமை வேறு. கர்ப்ப காலத்தில் பெண் ஹார்மோன் உயர்ந்திருப்பதால் உதிர வேண்டிய முடியும் உதிராமல் நிற்கிறது. பிள்ளை பிறந்ததும் ஹார்மோன் இறங்குகிறது. நின்றிருந்த முடியெல்லாம் இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் சேர்ந்து கொட்டுகிறது. "புள்ள சிரிக்க ஆரம்பிச்சா ஆத்தாளுக்கு முடி கொட்டும்" என்று கிழவிகள் சொல்வது இதைத்தான். ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மாதவிலக்கு ஒழுங்காக வராமல், முகத்தில் முடி முளைத்து, தலை உச்சியில் முடி குறைந்தால், சினைப்பையில் நீர்க்கட்டிகளோடு வரும் ஹார்மோன் கோளாறு இருக்கலாம். உடம்பு பருத்து, ஓயாத அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், புருவத்தின் வெளி ஓரத்து முடி உதிர்தல் ஆகியவை சேர்ந்து வந்தால், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்வதாக இருக்கலாம். இரண்டையும் இரத்தப் பரிசோதனையால் ஆராயலாம். தைராய்டு குறைவுக்கு மாத்திரை உண்டு. அது சரியானால் முடியும் திரும்ப வளரக் கூடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தைராய்டு குறைவதற்கு ஒரு முக்கியக் காரணம், உடம்பின் காவல் அணுக்களே அந்தச் சுரப்பியைத் தாக்குவதாகும். ஜப்பானிய டாக்டர் ஹாஷிமோத்தோ 1912-இல் எழுதிவைத்த நோய் இது. புழுவெட்டும் இதே வகை நோய்தான். ஆகவேதான் புழுவெட்டு உள்ளவர்களில் சிலருக்குத் தைராய்டு நோயும் சேர்ந்திருக்கிறது. டாக்டரும் அதற்கு இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லக் கூடும்.

ஜாகாக்காரரே வீட்டு ஆளை அடித்தால்?

நம் உடம்பில் வெள்ளை அணுக்கள் என்ற காவல் படை உண்டு. கிருமி நுழைந்தால் கண்டுபிடித்து அடித்து விரட்டுவது அதன் வேலை. தோட்டத்தில் ஜாகாக்காரர் இருப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் திருடனை அடிக்க வேண்டிய ஜாகாக்காரர், ஆள் அடையாளம் தெரியாமல் லயத்தில் குடியிருப்பவரையே அடித்தால் எப்படியிருக்கும்? இதைத் தன்னெதிர்ப்பு நோய் என்று மருத்துவத்தில் சொல்கிறார்கள்.

புழுவெட்டில் அடிபடுவது முடியின் வேர்ப்பை. சாதாரணமாக வளரும் முடியின் வேர்ப்பைக்குள் காவல் அணுக்கள் நுழைவதில்லை. அது வேலி போட்ட நாற்றுமேடை மாதிரி. ஏதோ ஒரு காரணத்தால் அந்த வேலி அவிழ்ந்துவிடுகிறது. வெள்ளை அணுக்கள் தேனீக் கூட்டம்போல் வேரைச் சுற்றி மொய்க்கின்றன. வளர்ந்துகொண்டிருந்த முடி பாதியிலேயே நின்று ஒடிந்து விழுகிறது. வட்டத்தின் ஓரத்தில், அடியில் மெலிந்தும் நுனியில் தடித்தும் குட்டையான முடிகள் நிற்பதை டாக்டர் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். நகத்தில் ஊசி குத்தியதுபோல் சிறு சிறு பள்ளங்களும் சிலருக்கு இருக்கும்.

புழு எங்கேயும் இல்லை. பழைய காலத்தில் காரணம் தெரியாததால் நம்மவர்கள் புழு என்று சொன்னார்கள். கிரேக்கர்கள் சொறி பிடித்த நரியின் தோலைப்போல் இருக்கிறதென்று நரியின் பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் உலகத்து டாக்டர்கள் அந்தக் கிரேக்கப் பெயரைத்தான் சொல்கிறார்கள். பெயர் நிலைத்துவிட்டது என்பதற்காக நரியும் காரணமில்லை, புழுவும் காரணமில்லை.

இந்த நோய் அபூர்வமானதல்ல. 100 பேரில் ஏறக்குறைய இருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிறது. எந்த இனமும் எந்த நாடும் விதிவிலக்கல்ல. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான ஆயானா பிரெஸ்லி என்ற பெண்மணி, தமக்கு இந்நோயால் முடி முழுவதும் கொட்டிவிட்டதை 2020-இல் தாமே வெளியே சொல்லி, மொட்டைத் தலையோடு மக்கள் முன் வந்தார். அவருக்கும் யாரும் செய்வினை வைக்கவில்லை. நம் கலும்பாங் பிள்ளைக்கும் யாரும் வைக்கவில்லை.

ஒன்றிரண்டு சிறு வட்டங்களோடு நின்றால், மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை ஒரு வருஷத்துக்குள் மருந்தில்லாமலே குணமாகிறார்கள். வெங்காயத்துக்கும் எண்ணெய்க்கும் நல்ல பெயர் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் சின்ன வயசிலேயே ஆரம்பித்தாலும், பிடரி ஓரமாகப் பட்டை போல் கொட்டினாலும், பாதித் தலைக்கு மேல் போனாலும், புருவமும் இமையும் கொட்டினாலும் தானாகத் திரும்பும் வாய்ப்பு குறைகிறது. சிலருக்குத் தலை முழுவதும், மிகச் சிலருக்கு உடம்பு முழுவதும் முடி போய்விடும். வந்த முடி மறுபடி கொட்டுவதும் உண்டு. அதனால்தான் அந்தத் தாயாரைத் தாமதிக்க வேண்டாம் என்கிறோம்.

எல்லாம் புழுவெட்டா?

இல்லை. வட்டமாக முடி போனால் வேறு சில நோய்களாகவும் இருக்கலாம். டாக்டரிடம் காட்டுவது இதற்காகவும்தான்.

தோலில் செதிலும் அரிப்பும் இருந்து, முடி ஒடிந்து கரும்புள்ளியாக நின்றால் அது படை. இது ஒட்டும். பூனைக்குட்டியிடமிருந்தும் பிள்ளைகளுக்கு வரும். தலையில் வந்த படைக்குக் களிம்பு மட்டும் போதாது; சில வாரங்கள் மாத்திரை சாப்பிட வேண்டும்.

தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்து புருவம் கொட்டினால் குஷ்டமா என்று பார்க்க வேண்டும். இந்தப் பெயரைக் கேட்டால் நம் மக்களுக்கு இன்னும் நடுக்கம். நம் சிலாங்கூரிலேயே சுங்கை பூலோவில் 1930-இல் குஷ்டரோகிகளுக்கென்று தனி ஊரே அமைத்தார்கள். அங்கே போனவர் வீடு திரும்பாத காலம் இருந்தது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று 6 முதல் 12 மாதம் கூட்டு மருந்து சாப்பிட்டால் குணமாகும். யாரையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை. மறைத்து வைத்தால்தான் கையும் காலும் கெடும்.

முடி போன இடம் தழும்பேறிப் பளபளத்து, வெயில் பட்டால் சிவந்து எரிந்தால், அதோடு மூட்டுவலியும் காய்ச்சலும் இருந்தால், லூப்பஸ் என்ற மற்றொரு தன்னெதிர்ப்பு நோயாக இருக்கலாம். இது பெரும்பாலும் இளம்பெண்களையே பிடிக்கிறது. சிறுநீரகத்தையும் தாக்கக் கூடியது. தழும்பு விழுந்த இடத்தில் வேர்ப்பை செத்துவிடும். வேரழுகல் நோய் கண்ட மரம் துளிர்க்காதது போல அங்கே முடி திரும்பாது. ஆகவே இப்படிப்பட்ட அடையாளம் கண்டால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

வட்டமில்லாமல் தலை முழுவதும் முடி மெலிந்து, முகம் வெளிறி, கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கினால் இரத்தசோகை இருக்கலாம். மாதவிலக்கில் அதிக இரத்தப்போக்கு, கொக்கிப்புழு, சத்துக் குறைந்த சாப்பாடு ஆகியவை நம் பெண்களிடம் பழைய காரணங்கள். பிள்ளைகளுக்குச் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை வழித்துச் சாப்பிடும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என்ன சிகிச்சை உண்டு?

முதலில், எதனால் கொட்டுகிறது என்று தெரிய வேண்டும். ஹார்மோன் வழுக்கைக்குக் கொடுக்கும் மருந்து புழுவெட்டுக்குப் போதாது; புழுவெட்டு மருந்து படைக்கு ஆகாது.

ஆண்களின் வழுக்கைக்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று மினாக்சிடில். இது முதலில் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரையாகக் கொடுக்கப்பட்டது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். 1988-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெண்களும் உபயோகிக்கலாம், ஆனால் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றொன்று பினாஸ்டிரைடு மாத்திரை. 1997-இல் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. இது வயிற்றிலுள்ள ஆண் சிசுவைப் பாதிக்கும் என்பதால், கர்ப்பிணிப் பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடக் கூடாது. இரண்டையும் நிறுத்தினால் பலன் போய்விடும்.

புழுவெட்டு சிறு வட்டங்களாக இருந்தால், ஸ்டீராய்டு மருந்தை அந்த இடத்திலேயே சிறு ஊசியால் போடுவார்கள். 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். பிள்ளைகளுக்கு ஊசி வலிக்கும் என்பதால் பெரும்பாலும் ஸ்டீராய்டு களிம்பையே முதலில் கொடுப்பார்கள். பெரிய அளவில் கொட்டியவர்களுக்கு, வாரம் ஒரு முறை ஒரு மருந்தைத் தடவி இலேசான ஒவ்வாமையை உண்டாக்கும் முறையும் உண்டு. திருடன் அந்தப் பக்கம் ஓடுகிறான் என்று ஜாகாக்காரரை வேறு பக்கம் திருப்பி விடுவது போன்ற தந்திரம் இது. இதைத் தோல் டாக்டரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும்.

வெங்காயத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். பாக்தாத் டாக்டர்கள் 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு 6 வாரத்தில் முடி முளைத்தது. வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் இருவருக்குத்தான் முளைத்தது. ஆகவே பாட்டி சொன்னது முழுப் பொய்யல்ல. ஆனால் அது சிறிய ஆராய்ச்சி. சிறு வட்டங்கள் உள்ளவர்களிடம் செய்தது. பாதித் தலை போன பிள்ளைக்கு வெங்காயத்தை நம்பி ஆறு மாதம் காத்திருப்பது நஷ்டம். பூண்டையும் மிளகையும் அரைத்துப் பூசித் தோலைப் புண்ணாக்குவது அதைவிட நஷ்டம்.

புதிதாக வந்திருக்கும் மாத்திரைகள்

கடுமையான புழுவெட்டுக்கென்றே அனுமதி பெற்ற மாத்திரை நெடுங்காலம் ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. 2014-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், உடம்பில் ஏறக்குறைய முடியே இல்லாத 25 வயது வாலிபர் ஒருவருக்கு, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில மாதங்களில் தலையிலும் புருவத்திலும் முடி வளர்ந்தது. அதே வருஷம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆஞ்சலா கிறிஸ்தியானோ என்ற அம்மையாரின் குழுவும், இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று காட்டியது. அந்த அம்மையாருக்கே புழுவெட்டு உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

அது செய்யும் வேலை இதுதான். பெரட்டுக்கு மணி அடித்தால் ஆட்கள் கூடுகிறார்கள். வெள்ளை அணுக்களும் ஒன்றுக்கொன்று மணி அடித்துத்தான் கூடுகின்றன. ஜாக் என்ற பொருள்தான் அந்த மணியின் கயிறு. மாத்திரை அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. மணி அடிக்காததால் அணுக்கள் வேரைச் சுற்றிக் கூடுவதில்லை. முடி மறுபடி வளர்கிறது.

2022 ஜூன் மாதம் பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்குப் பெரியவர்களுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1,200 பேரைக் கொண்ட இரண்டு ஆராய்ச்சிகளில், தினம் 4 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 100-க்கு ஏறக்குறைய 36 முதல் 39 பேருக்கு, 36 வாரத்தில் தலையின் ஐந்தில் நான்கு பங்காவது முடியால் மூடியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 3 முதல் 6 பேர்தான். 2023 ஜூன் மாதம் ரிட்லிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் சேர்த்து அங்கே அனுமதி வந்தது. அதில் 24 வாரத்தில் 100-க்கு ஏறக்குறைய 23 பேர் அதே அளவு பலன் கண்டார்கள்.

ஆக, எல்லோருக்கும் பலிப்பதில்லை. நிறுத்தினால் பலருக்கு மறுபடி கொட்டுகிறது. காவல் படையின் மணியையே பிடித்துவைப்பதால், உண்மையான திருடன் வரும்போதும் ஆள் கூடாமல் போகலாம். காசநோய், அக்கி போன்றவை கிளம்பலாம். இரத்தம் உறைதல், இருதயக் கோளாறு, புற்றுநோய் ஆகியவற்றுக்கும் எச்சரிக்கை உண்டு. ஆகவே காசநோய், கல்லீரல், இரத்தப் பரிசோதனை செய்யாமல் இதைத் தொடங்கக் கூடாது. விலையும் மிக அதிகம். தோல் டாக்டரிடம் பேசி, இது என் பிள்ளைக்குப் பொருந்துமா, எங்கே கிடைக்கும், செலவு யாருடையது என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

மூன்று புட்டி எண்ணெய்

அந்தத் தாயார் 450 வெள்ளியை எண்ணெய்க்குக் கொடுத்துவிட்டார். வெயிலிலும் மழையிலும் குலை தூக்கிச் சம்பாதித்த காசு அது. "15 நாளில் முடி, இல்லையென்றால் பணம் வாபஸ்" என்று சொல்லி வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் என்ன கலந்திருக்கிறது? சுகாதார அமைச்சின் பதிவு எண் எங்கே? பலிக்காவிட்டால் உங்களை எங்கே தேடுவது? மருந்து என்று விற்கப்படும் பொருளுக்கு மால் என்ற மூன்று எழுத்துடன் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும்.

எண்ணெயைவிட ஆபத்தானது, சகல நோய்க்கும் என்று விற்கப்படும் பதிவில்லாத மாத்திரையும் ஜாமுவும். இவற்றில் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு திருட்டுத்தனமாகக் கலக்கப்பட்டிருந்ததை நம் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முதலில் பலன் தெரியும். பிறகு முகம் வீங்கும், இனிப்புநீர் ஏறும், எலும்பு பலவீனமாகும். வெகுநாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்றும் ஒரு நம்பிக்கை. பத்துமலையில் முருகனுக்கு முடி இறக்கிச் சந்தனம் பூசுவது நம் நேர்த்திக்கடன். அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கத்தி தோலுக்கு மேலேதான் போகிறது. நோய் இருப்பது தோலுக்குக் கீழே. சாமிக்கு வேண்டிக்கொள்ளுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள்.

எங்கே போவது?

முதலில் பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். அங்கே இரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் தோல் நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள். நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்கு 5 வெள்ளி. கலும்பாங், கெர்லிங் பக்கத்தவர்களுக்குக் கோலகுபு பாருவில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அனுப்பினால், கோலகுபு பாருவிலிருந்தோ தஞ்சோங் மாலிமிலிருந்தோ கொமுட்டர் ரயிலில் போய்வரலாம். முதல் வட்டம் எப்போது கண்டது, என்னென்ன பூசினோம், குடும்பத்தில் யாருக்குத் தைராய்டு அல்லது புழுவெட்டு உண்டு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய படம் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போகுமே என்ற கவலை நமக்குத் தெரியும். தொழிலாளி தாமே நோயாளியாக இருந்து டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு லீவு உண்டு. 2 வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு வருஷத்தில் 14 நாள், 2 முதல் 5 வருஷத்துக்குள் 18 நாள், 5 வருஷமும் அதற்கு மேலும் 22 நாள். பிள்ளையை அழைத்துப் போவதற்கு இது பொருந்தாது. வருஷ லீவில் எடுக்க வேண்டும். முன்கூட்டியே மண்டோரிடம் சொல்லுங்கள். மறுத்தால் தோட்டத்துச் சங்கக் கமிட்டியிடம் சொல்லுங்கள்.

பிள்ளையின் மனசு

கடைசியாக, மருந்தைவிட முந்திச் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். முடி வளர ஒரு வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம். நின்றுபோன படிப்பு அவ்வளவு சுலபமாக வளராது. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கித் தலைமையாசிரியரைப் பார்த்து, தொப்பியோ துணியோ கட்டிக்கொள்ள அனுமதி கேளுங்கள். வகுப்புப் பிள்ளைகளுக்கு "இது ஒட்டாது" என்று ஆசிரியரே எடுத்துச் சொன்னால் பாதிக் கேலி அடங்கிவிடும். வீட்டில் கண்ணாடியை மறைத்து வைக்காதீர்கள். வந்தவர் போனவரிடம் பிள்ளையின் தலையைத் திறந்து காட்டாதீர்கள். "இவளை யார் கட்டுவான்" என்ற பேச்சை அவள் காதுபட யாரும் பேச விடாதீர்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் நோயின் ஒரு பங்குதான்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளையைத் தொட்டால் ஒன்றும் வராது. ஒரே சீப்பு, ஒரே பாய், ஒரே பந்தி, எதிலும் புழுவெட்டு ஒட்டாது. டாக்டர் பார்த்து அதுதான் என்று சொல்லிவிட்டால், உங்கள் பிள்ளைகளை மறுநாளே அவளோடு விளையாட அனுப்புங்கள்.

அம்மா, நீங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் மறுபடி எழுதுங்கள்.